பெங்களூருவில் தைத்த சட்டை ஆர்டர்கள் ஏன் பங்களாதேசத்துக்குப் போகின்றன?

கூலி குறைவு என்பது பாதிப் பதில்தான். அங்கே 2023 டிசம்பர் முதல் கார்மென்ட்ஸ் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 12,500 டாக்கா, நம் பணத்தில் சுமார் 9,000 ரூபாய். ஆனால் ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் (வாங்குபவர்) முதலில் பார்ப்பது வரியை. பங்களாதேசம் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் இருப்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2001 முதல் அதன் துணிக்குச் சுங்கம் வாங்குவதில்லை. நம் சட்டையோ பல வருடங்களாக ஏறக்குறைய 10 சதவீதம் கட்டித்தான் உள்ளே போனது.

500 ரூபாய்ச் சட்டைக்கு அது 50 ரூபாய். பெங்களூரு பொம்மனஹள்ளியில் நான் காஸ்டிங் (ஒரு சட்டைக்கான செலவுக் கணக்கு) போடும்போது, காலர், கஃப், பட்டன் எல்லாம் சேர்த்துத் தையல் கூலியில் இரண்டு ரூபாய் குறைக்கவே லைன் சூப்பர்வைசரோடு அரை நாள் மல்லுக்கட்டுவேன். 50 ரூபாயை எங்கிருந்து எடுப்பது?

அப்புறம், பக்கத்து நாடு என்பதால் மூலப்பொருளுக்கும் பெரிய சிக்கல் இல்லை, இங்கே நூற்ற பருத்தி நூலையே அவர்களும் நிறைய வாங்குகிறார்கள். ஆர்டர் போனால் முதலில் வேலை இழப்பது ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து காலை 6 மணிக்கே பஸ் ஏறி வரும் நம் பெண்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை.