எல்லாம் தெரியும் என்று நினைக்கும் சக ஊழியரை எப்படிக் கையாள்வது?

குழுவில் ஒருவர் தமக்கு எல்லாம் தெரியும் என்று நடந்துகொள்கிறார், மற்றவர்கள் வாயைத் திறந்தாலே குறுக்கே பேசுகிறார், அவரோடு எப்படி வேலை செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டின் உலர்களத்தைக் கவனித்து வருபவன் நான். அவருடைய குணத்தோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அவர் அடித்துச் சொல்வதை, முடிவு தெரியும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள் என்பதே என் பதில்.

தோல் நீக்கிக் கழுவிய பார்ச்மென்ட் காபி, ஈரப்பதம் ஏறத்தாழ 10 விழுக்காட்டுக்கு இறங்கும்வரை வெயிலில் காய வேண்டும். அவசரப்பட்டு மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடித்து, அந்த வருட உழைப்பே வீணாகும். எங்களோடு இருந்த ஒருவர் நான்கு கொட்டைகளைப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு, "காய்ந்துவிட்டது, கட்டுங்கள்" என்பார். மார்கழிப் பனியில் மேலே காய்ந்தாலும் அடியில் ஈரம் நிற்கும் என்று காபியைக் கிளறிவிடும் பெண்கள் சொன்னால், அதைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

ஈரப்பத மீட்டர் கையில் இருந்தும் வாக்குவாதம் ஓயவில்லை, ஏனென்றால் மீட்டர் காட்டிய பிறகு "நானும் அதைத்தானே சொன்னேன்" என்பார். எனவே ஒரு நோட்டில், ஒவ்வொருவரும் தம் மதிப்பீட்டை முதலில் எழுதிய பிறகே மீட்டரை வைப்பது என்று வழக்கப்படுத்தினோம். அவருக்கு மட்டும் அந்த விதி என்றால் அவமானமாகியிருக்கும். ஆகையால் நானும் எழுதினேன், மேஸ்திரியும் எழுதினார், பெண்கள் சொன்னதை எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் எழுதிக்கொண்டார். அந்தப் பருவம் முடிவதற்குள், களத்திலேயே மூத்த அம்மாவின் கணக்குத்தான் மீட்டருக்கு மிக நெருக்கமாக வருகிறது என்பது யாரும் எடுத்துச் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பிறகு கடித்துப் பார்ப்பவரே, "அடியில எப்படிம்மா இருக்கு?" என்று அந்த அம்மாவிடம் கேட்கத் தொடங்கினார்.

இது எங்கள் களத்துக்கு மட்டும் உரியதல்ல என்று நம்புகிறேன். உளவியலாளர்கள் ஜஸ்டின் க்ரூகர், டேவிட் டன்னிங் இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றில் 12 பேரை மட்டுமே முந்தும் நிலையில் இருந்தவர்கள் தாங்கள் 62 பேரை முந்துவதாக மதிப்பிட்டிருந்தார்கள். பலரும் இந்த எண்களோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, தர்க்கத் தேர்வில் பின்தங்கியவர்களுக்குச் சிறிது பயிற்சி கொடுத்ததும் அவர்கள் தம் மதிப்பீட்டைத் தாமே குறைத்துக்கொண்டார்கள் என்பது. நாம் திமிர் என்று ஒதுக்கும் பல நடத்தைகளுக்கு, தம் வேலையை அளந்து பார்க்கும் வாய்ப்பு அமையாததே காரணமாக இருக்கலாம்.

உங்கள் அலுவலகத்தில் மீட்டர் இருக்காது. ஆனால் "இந்த வேலை எத்தனை நாளில் முடியும், எங்கே சிக்கலாகும்" என்று எல்லோரிடமும் தனித்தனியாக எழுதி வாங்கலாம். கூட்டத்தில் புதியவர்களை முதலில் பேச வையுங்கள். அந்தச் சக ஊழியர் பேசி முடித்த பிறகு அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். அவர் சொன்னது சரியாக வந்தால் அதையும் எல்லோர் முன்னும் ஒப்புக்கொள்ளுங்கள். இதில் கஞ்சத்தனம் காட்டினால் அந்த நோட்டு தம்மை மடக்குவதற்கான பொறி என்றே அவர் நினைப்பார்.

ஆனால் காபிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் எந்திரம் ஓடும்போது அதில் கையை விடுவது, தெளிக்கும் மருந்தின் அளவைத் தன்னிச்சையாகக் கூட்டுவது போல அடுத்தவர் உடம்புக்கோ கூலிக்கோ கேடு வரும் இடத்தில் இந்தப் பொறுமை கூடவே கூடாது. அன்றைக்கே மேலாளரிடம் தேதியோடு எழுதிக் கொடுங்கள். கொடுத்திருப்பதை அந்த ஊழியரிடமும் நேரில் சொல்லிவிடுங்கள்.