பார்த்ததும் கேள்விப்பட்டதும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் வெள்ளவத்தையில் வசிக்கிறோம். மகள் ஆறாந்தரத்தில் ஆங்கில மொழி மூலம் படிக்கிறாள். சிங்களத்துக்கு மாலையில் தனியார் வகுப்பும் உண்டு. கொஞ்ச நாளாக அவள் பேசும் தமிழ் வேறு மாதிரி இருக்கிறது. "அதுதான் அந்தப் பிள்ளை, யார் நேற்று வந்தாளோ அவள்" என்கிறாள். "நான் வரவில்லை, ஏனென்றால் தலை வலிக்கிறது" என்கிறாள். மூன்று மொழிகளை ஒன்றாகப் படிப்பதால் வந்த குழப்பம் இது, சிங்கள வகுப்பை ஓரிரு வருடம் நிறுத்திவையுங்கள் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். நிறுத்தலாமா? தமிழ் இலக்கணத்துக்கு நல்ல புத்தகம் ஒன்றும் சொல்லுங்கள். உலக மொழிகளிலேயே தமிழின் இலக்கணம்தான் மிகச் செம்மையானது என்று என் கணவர் சொல்கிறார். அது உண்மையா?

ஒரு தாய்,
வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்தாதீர்கள். பிள்ளைக்கு மூன்று மொழி பாரம் என்று சொன்னவர்களை ஒரு நாள் புறக்கோட்டைக்கு அழைத்துப் போங்கள். மூட்டை சுமக்கும் நாட்டாமிமார் காலை முதல் மாலை வரை தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிக் கதைக்கிறார்கள். எவருக்கும் தலை சுற்றவில்லை. இதைப் பற்றி மேலே எழுத ஒன்றுமில்லை.

உங்கள் கணவரின் கேள்வியில் நின்று மினக்கெட எனக்கு விருப்பமில்லை. பேசப்படும் மொழி எதுவானாலும் அதற்கு முழுமையான இலக்கணம் உண்டு. மத்தியூ டிரையர் என்ற மொழியியலாளர் 1,300-க்கும் மேற்பட்ட மொழிகளை வாக்கிய வரிசைப்படி வகுத்திருக்கிறார். அவற்றில் 560-க்கும் மேற்பட்டவை தமிழைப் போல எழுவாய், செயப்படுபொருள், வினை என்று வருபவை. 480-க்கும் மேற்பட்டவை ஆங்கிலத்தைப் போல வினையை நடுவில் வைப்பவை. பழைய அரபியில் வினை முன்னால் வரும். இதில் எது செம்மை, எது குறை என்று தீர்ப்புச் சொல்வது வீண் வேலை. தமிழைப் புகழ்கிற நேரத்தில் உங்கள் கணவர் மகளோடு கொஞ்சம் தமிழில் கதைத்தால் நல்லது. கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். தமிழ்ப் பெருமை பேசும் வீடுகளில் பிள்ளைகளோடு தமிழ் பேச ஆளில்லாமல் இருப்பதைப் பார்த்துப் பார்த்து மனம் புண்பட்டிருக்கிறது.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது மகளின் அந்த வாக்கியங்கள்தான். எடுத்து வைத்துப் பாருங்கள். "யார் நேற்று வந்தாளோ அவள்" என்பது எங்கிருந்து வருகிறது? ஆங்கிலத்தில் முதலில் பிள்ளையைச் சொல்லி, பிறகு 'யார்' என்று ஓர் இணைப்புச் சொல் போட்டு, வந்ததைச் சொல்லி, 'நேற்று' என்பதைக் கடைசியில் வைப்பார்கள். தமிழில் "நேற்று வந்த பிள்ளை". அடைமொழி முழுவதும் பெயருக்கு முன்னால் வந்துவிடுகிறது. இணைப்புச் சொல்லே தேவையில்லை, பெயரெச்சம் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. இதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வார்கள்? "ஈயே ஆப்பு லமயா". ஈயே நேற்று, ஆப்பு வந்த, லமயா பிள்ளை. அதே வரிசை, அதே பெயரெச்சம். அடுத்த வாக்கியத்தையும் பாருங்கள். "தலை வலிக்கிறபடியால் வரவில்லை" என்று நாங்கள் சொல்வதை அவர்கள் "ஒலுவ ரிதென ஹிந்தா ஆவே நே" என்கிறார்கள். தலை, வலிக்கிற, படியால், வரவில்லை. காரணம் முன்னால், வினை கடைசியில். நீங்கள் நிறுத்த நினைக்கும் மொழியில் உங்கள் மகள் இழந்துகொண்டிருக்கும் தமிழ் வாக்கியம் அப்படியே இருக்கிறது!

சிங்களம் வட இந்திய மொழிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் ஹிந்தியில் கூட 'எவன் வந்தானோ அவன்' என்ற அமைப்பு இன்றும் சாதாரணமாக வழங்குகிறது. பேச்சுச் சிங்களமோ பெயரெச்சத்தைக் கொண்டே காரியத்தை முடித்துவிடுகிறது. தமிழோடு நூற்றாண்டுக் கணக்கில் பக்கத்தில் வாழ்ந்ததற்கு இதில் பங்கு உண்டு என்பது ஜேம்ஸ் கெயர் போன்ற மொழியியலாளர்கள் விரிவாக ஆராய்ந்த விஷயம். இந்தத் தீவின் வாக்கியத்துக்கு அவ்வளவு இழுப்பு இருந்திருக்கிறது. கொம்பனித்தெருவில் மலாய்க் குடும்பங்களை அறிவீர்கள். ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்தும் சுற்றியுள்ள தீவுகளிலிருந்தும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அங்கே மலாய் மொழியில் 'நான் உண்கிறேன் சோறு' என்றுதான் வரிசை. இலங்கை மலாயில் வினை வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விட்டது, பெயர்களோடு வேற்றுமை உருபுகளும் ஒட்டிக்கொண்டன. மட்டக்களப்புப் பறங்கியர் பேசிய போர்த்துக்கேயமும் அப்படியே திரும்பியது. கடல் கடந்து வந்த மொழிகளின் இலக்கணமே இங்கே வளைந்திருக்க, இங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளையின் தமிழ் வெளியே வளைகிறது.

மாலை வகுப்பில் ஆசிரியர் எந்த மொழியின் வழியாகச் சிங்களம் கற்பிக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. ஆங்கிலத்தின் வழியாக என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கொழும்பில் அதுவே வழக்கமாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றி வரும் வேலை இது. சிங்கள வாக்கியத்தை உடைத்து, புரட்டி, ஆங்கிலமாக்கி, அதை மறுபடி புரட்டிப் பிள்ளையின் தலையில் வைக்கிறார்கள். "மட்ட படகினி" என்பதற்கு நேரே "எனக்குப் பசி" என்று எழுதிவிட்டால் பாடம் முடிந்தது. பசி எழுவாய், பசிக்கிறவர் நான்காம் வேற்றுமை, இரண்டு மொழிகளிலும் அப்படித்தான். ஆங்கிலத்தின் வழியாகப் போனால், 'நான்' என்ற எழுவாய் எங்கே போனது என்று பிள்ளை தேடிக்கொண்டிருக்கும்.

இத்தனையையும் விட எனக்கு முக்கியமான ஒன்று இருக்கிறது. நெடுநாளாக எழுத நினைத்தது, உங்கள் கடிதத்தைச் சாட்டி இப்போது எழுதிவிடுகிறேன்.

தமிழில் "வருகிறார்" என்றும் சொல்லலாம், "வருகிறாராம்" என்றும் சொல்லலாம். முதலாவதற்குச் சொல்கிறவர் பொறுப்பு. இரண்டாவது அவர் காதில் விழுந்த செய்தி. சிங்களத்தில் "எனவா" என்றால் வருகிறார், "எனவலு" என்றால் வருகிறாராம். இரண்டு மொழிகளும் கேள்விப்பட்டதைத் தெரிவிக்க வாக்கியத்தின் கடைசியில் ஒரே ஒரு அசையை ஒட்டுகின்றன. ஆங்கில இலக்கணத்தில் இதற்கு உருபு கிடையாது. தனியாக ஒரு சொல்லைப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். துருக்கி மொழியில் 'கெல்தி' என்றால் வந்தான், 'கெல்மிஷ்' என்றால் வந்தானாம். கொலம்பியா, பிரேசில் எல்லைப் பகுதியில் பேசப்படும் தூயுக்கா மொழியில் இது ஐந்து வகை. கண்ணால் கண்டது, வேறு புலனால் அறிந்தது, தடயத்தைப் பார்த்து ஊகித்தது, பிறர் சொன்னது, பொது அறிவால் கொண்டது என்று வினையில் காட்டியே ஆக வேண்டும், விட்டுவிட முடியாது. தமிழிலும் சிங்களத்திலும் அந்தக் கட்டாயம் இல்லை. 'ஆம்' போடாமலும் பேசலாம், வாக்கியம் பிழையாகாது. கட்டாயம் இல்லாததாலேயே அது எவரும் கவனிக்காமல் கைநழுவக்கூடியது என்று எனக்குப் பயம்.

1983 ஜூலையில் நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். அடுத்த வீட்டில் ஒரு சிங்கள ஆச்சி. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. மதிலுக்கு மேலால் எட்டி ஆச்சி அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "மினிஸ்ஸு எனவலு." ஆட்கள் வருகிறார்களாம். அம்மா அடுப்பை அணைக்கவில்லை. பிறப்புச் சான்றிதழ்களையும் வங்கிப் புத்தகத்தையும் ஒரு துணிப் பையில் போட்டு, எங்களைச் செருப்பு மாட்டச் சொல்லிவிட்டு, சோற்றை வடித்தார். பக்கத்து அறையில் அப்பா பதறிக்கொண்டிருந்தார். "ஆச்சி காணவில்லை, கேள்விப்பட்டிருக்கிறார்" என்றார் அம்மா. அன்று கொழும்பில் வதந்திக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றுக்கும் எழுந்து ஓடியிருந்தால் ஓடிய தெருவிலேயே அகப்பட்டிருப்போம். பிறகு ஆச்சி மறுபடி மதிலடிக்கு வந்தார். இந்த முறை "மினிஸ்ஸு எனவா" என்றார். அம்மா பானையை அப்படியே விட்டுவிட்டு எங்களைப் பின்கதவு வழியாக இழுத்துக்கொண்டு ஆச்சி வீட்டுக்குள் போனார். ஆச்சி தன் கண்ணால் கண்டுவிட்டு வந்திருந்தார் என்பதை விளக்க நேரமில்லை, விளக்கவும் தேவைப்படவில்லை. இரண்டு பெண்களும் ஒருவர் இலக்கணத்தை மற்றவர் நம்பினார்கள். அம்மாவுக்குச் சிங்களம் எழுதவோ வாசிக்கவோ தெரியாது. ஆனால் அந்த ஓர் அசை இல்லாமற் போனதை அவருடைய காது பிடித்துக்கொண்டது. தமிழ்க் காது என்பதால் பிடித்தது.

இப்போது எங்கள் பத்திரிகைகளைப் பாருங்கள். "குழுவொன்று வந்துகொண்டிருப்பதாகத் தெரிவிக்கப்படுகின்றது." யார் தெரிவித்தார்? யாரிடம்? எழுதியவர் பார்த்தாரா, பொலிஸாரிடம் கேட்டாரா, தொலைபேசியில் வந்த செய்தியை எடுத்துப் போட்டாரா? 'படுகின்றது' என்பதற்குப் பின்னால் எல்லோரும் மறைந்துகொள்கிறார்கள். ஆங்கிலச் செய்தியின் செயப்பாட்டு வாக்கியத்தை அப்படியே பெயர்த்துப் பழகியதால் வந்த வியாதி இது. ஒரு நிதி நிறுவனம் எனக்கு அனுப்பிய கடிதத்தில் "தங்களது கோரிக்கையானது எம்மால் பெற்றுக்கொள்ளப்பட்டுள்ளது என்பது தங்களுக்கு அறியத்தரப்படுகின்றது" என்று இருந்தது. உங்கள் கடிதம் கிடைத்தது என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? மூன்று சொல்லில் முடிகிற வாக்கியத்தை இப்படி எழுதுகிறவர்களுக்கு, தமிழ் என்றாலே மொழிபெயர்ப்புத்தான் என்ற எண்ணம் எங்கோ ஊறிப்போயிருக்கிறது. அவர்களும் தமிழர்கள், வீட்டுக்குப் போனால் "கடிதம் வந்ததாம்" என்று சொல்கிறவர்கள். கையில் பேனா வந்ததும் நாக்கை மறந்துவிடுகிறார்கள்.

பாடசாலையிலும் இதுதான் நடக்கிறது. பிள்ளை கட்டுரையில் "மாமா கண்டிக்குப் போனாராம்" என்று எழுதினால், அது பேச்சு வழக்கு என்று சிவப்பு மையால் கோடு போடுகிறார்கள். ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தானாம் என்று சொல்லித்தானே எங்களை வளர்த்தார்கள்? சிங்களப் பாட்டிமாரும் "ஹிட்டியாலு" என்றே கதை சொல்கிறார்கள். நடந்ததை நான் காணவில்லை, எனக்குச் சொன்னதை உனக்குச் சொல்கிறேன் என்ற நேர்மை அந்த அசையில் இருக்கிறது. அதைப் பேச்சு வழக்கு என்று ஒதுக்குகிற ஆசிரியர் எந்த இலக்கணத்தைப் படித்துவிட்டு வந்தார் என்று கேட்க எனக்குக் கோபம் வருகிறது.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். ஆறுமுக நாவலரின் இலக்கணச் சுருக்கம் உங்களுக்கு உதவும், பதினொரு வயதுப் பிள்ளைக்கு இப்போது வேண்டாம். அவளுக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். இடப்பக்கம் சிங்கள வாக்கியம், வலப்பக்கம் தமிழ் வாக்கியம், நடுவில் வேறெதுவும் வேண்டாம். பேச்சுச் சிங்களத்தில் நான் வந்தாலும் நீ வந்தாலும் அவர்கள் வந்தாலும் "எனவா" ஒன்றுதான், தமிழில் வருகிறேன், வருகிறாய், வருகிறார்கள் என்று மாறும். அந்த வேறுபாட்டை அவளே கண்டுபிடிக்கட்டும். எழுத்துச் சிங்களத்துக்குப் போகும்போது "மம யமி, அபி யமு" என்று அங்கேயும் விகுதிகள் வந்து நிற்பதைப் பார்த்து ஆச்சரியப்படட்டும். ஆசிரியர் இந்த முறைக்கு இணங்காவிட்டால் ஆசிரியரை மாற்றுங்கள், வகுப்பை நிறுத்த வேண்டாம்.

அவள் பாடசாலையிலிருந்து வந்து கதை சொல்லும்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள். "டீச்சர் நாளைக்கு வரமாட்டாவாம்" என்று வாயில் வருகிறதா என்று பாருங்கள். வருகிறது என்றால் வாக்கிய வரிசையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது சீக்கிரம் சரியாகிவிடும். வரவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது மகளைப் பற்றி மட்டுமில்லாமல், வீட்டில் அவளோடு யார் யார், எந்த மொழியில், எவ்வளவு நேரம் கதைக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்.