சியால்கோட் பழைமையான நகரமா, தொழில் நகரமா?

பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள சியால்கோட்டுக்கு இவ்விரண்டு அடையாளங்களும் பொருந்தும். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் இந்தோ-கிரேக்க மன்னர் மெனாண்டர் ஆண்ட தலைநகரான சாகலம் இவ்வூரே என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. பௌத்தத் துறவி நாகசேனரோடு அவர் நடத்திய வாதத்தைப் பாலி மொழிப் பௌத்த மரபு இன்றும் போற்றுகிறது. கவிஞர் இக்பால் 1877இல் பிறந்ததும் இங்கேதான்.

விளையாட்டுப் பொருள் தொழில் ஆங்கிலேயர் காலத்தில் வேரூன்றியது. 1947 பிரிவினையில் இந்து, சீக்கியக் கைவினைஞர்கள் பலர் ஜலந்தருக்கும் மீரட்டுக்கும் பெயர்ந்து அங்கே அதே தொழிலை வளர்த்தனர் என்பதை மறக்கலாகாது. முழங்கால்களுக்கிடையே மரக்கிடுக்கியில் துண்டுகளை இறுக்கி, மெழுகிட்ட நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, 20 அறுகோணங்களையும் 12 ஐங்கோணங்களையும் உட்புறமாகத் தைத்து முடித்தால்தான் கைத்தையல் கால்பந்து ஒன்று உருவாகும். இவ்வேலையில் குழந்தைகளும் ஈடுபடுத்தப்பட்டது பெருங்கொடுமை. அதை ஒழிக்க 1997இல் அட்லாண்டாவில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. 2014 உலகக் கோப்பைக்கான பிரசூகா பந்துகள், தையலின்றி வெப்பத்தால் ஒட்டப்பட்டு, இங்கிருந்தும் சென்றன. அறுவை சிகிச்சைக் கருவிகளும் இங்கிருந்து ஏற்றுமதியாகின்றன. ஏற்றுமதியாளர்கள் தங்கள் பணத்திலேயே கட்டிய பன்னாட்டு விமான நிலையம் 2007 முதல் இயங்குகிறது.