ரோபோவுக்குச் சாணம் தெரியாது

கேள்வி: டென்மார்க்கில் மாட்டுப் பண்ணையில் வேலை செய்யும் மச்சான் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். பக்கத்தில் ஆளே இல்லை, மாடு தானாகப் போய் நிற்க ரோபோ கறக்கிறது. கை படாத பால் என்றால் சுத்தம்தானே? எங்களிடம் நாலு மாடு. இந்த மாரியில் இரண்டு தரம் பால் சேகரிக்கும் இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
- வாசகர், மாங்குளம்

பதில்: கை படவில்லை, சரி. சாணம் படவில்லை என்று யார் சொன்னது? வீடியோவை இன்னொரு தரம் போட்டுப் பாருங்கள். மாடு தீனிக்கு ஆசைப்பட்டு உள்ளே வரும், கழுத்துப் பட்டியை வைத்து அது எந்த மாடு என்று இயந்திரம் கண்டுபிடிக்கும், அப்புறம் உருளும் தூரிகையோ கழுவும் கிண்ணமோ காம்புகளைத் துடைக்கும். கொஞ்ச நேரம்தான். காம்பு பளிச்சென்று இருந்தாலும் சாணம் காய்ந்து ஒட்டியிருந்தாலும் பெரும்பாலும் அதே நேரம்தான். நீங்களென்றால் "இதென்ன கோலம்" என்று இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றுவீர்கள், அதற்கு அந்த ரோசம் கிடையாது. அதனால்தான் அங்கே மாடு படுக்கும் இடத்தை ஓயாமல் சுத்தம் செய்து, மடி மயிரையும் கத்தரித்து விடுகிறார்கள்.

ரோபோவின் கெட்டித்தனம் வேறு இடத்தில். மடிவீக்கம் வந்தால் பாலில் உப்புக் கூடும், மின்சாரம் அதில் சுலபமாகப் பாயும். அதை நாலு காம்புக்கும் தனித்தனியாக அளந்து சொல்லிவிடும். ஆனால் இரவு பகலாகக் கறப்பதால் குழாய் காயவே காயாது, ஆகவே நாளுக்கு இரண்டு மூன்று தரம் கறவையை நிறுத்தி முழுக் குழாயையும் சுடுநீரும் கழுவும் மருந்தும் விட்டுக் கழுவுவார்கள். பால் உடனே 4 பாகை செல்சியசுக்குக் குளிர வேண்டும்.

உங்கள் பாலுக்கு வருவோம். மாரியில் பட்டி முழுக்கச் சேறு, மடியைக் கழுவிவிட்டுத் துடைக்காமல் கறந்தால் அந்த அழுக்குத் தண்ணீர் கையால் வழிந்து வாளிக்குள்தான் விழும். கன்று ஊட்டின பிறகும் கழுவி, ஒரு மாட்டுக்கு ஒரு துணி என்று துடையுங்கள். பால் கானின் மூடிக்கு உட்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் கான் சரியாகக் கழுவுப்படவில்லை, பால் திரும்பி வந்ததற்கு எனக்கு அதில்தான் சந்தேகம். முதல் பீச்சலைக் கறுப்புத் துணி கட்டிய சிரட்டையில் பிடியுங்கள். திரி திரியாகத் தெரிந்தால் அந்தப் பாலைச் சேர்க்காமல் மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள், ஊசி போட்டால் அவர் சொல்லும் நாள்வரை விற்கவும் வேண்டாம். மச்சானின் ரோபோவும் அப்படியான பாலைத் தனி வாளிக்குத்தான் திருப்பிவிடும்.