பிள்ளைகளிடம் இருக்கும் இசையை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு பாட்டு டீச்சரின் பதில்கள்

அரசுப் பள்ளிகளில் 31 வருடம் இசை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இங்கே கேட்டிருப்பவர்களில் பலர் பாட்டு டீச்சரே இல்லாத பள்ளிகளில் வேலை பார்க்கிறவர்கள். அவர்களை மனதில் வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு ச ரி க ம கூடத் தெரியாது. மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். எந்தப் பிள்ளைக்கு இசை வரும் என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

உங்களுக்கு இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை, டீச்சர். கவனிக்கத் தெரிந்தால் போதும்.

கைதட்டலில் ஆரம்பியுங்கள். தகிட என்று மூன்று, தகதிமி என்று நான்கு. நீங்கள் தட்டுங்கள், பிள்ளைகள் திருப்பித் தட்டட்டும். இரண்டு நாள் பழகிய பிறகு நடுவில் ஒரு தட்டை மட்டும் விட்டுவிடுங்கள். பாதிப் பேர் பழக்கத்தில் அந்த இடத்திலும் தட்டிவிடுவார்கள். ஒன்றிரண்டு பிள்ளைகள் கையை அந்தரத்தில் நிறுத்தி, காத்திருந்து, அடுத்த தட்டில் சரியாக வந்து விழுவார்கள். அந்தப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வகுப்புக்கு வெளியிலும் பாருங்கள். சத்துணவு வரிசையில் நின்ற ஒரு பையனை ஒரு நாள் நான் அதட்டினேன். தட்டைத் தட்டிக்கொண்டே இருந்தான். தட்டைப் பிடுங்கிய பிறகுதான் உறைத்தது, அதுவரை என் காதில் விழுந்தது வெறும் சத்தமில்லை என்று. நடுவில் உள்ளங்கையால் ஒரு 'தொம்', விளிம்பில் விரல் நுனியால் ஒரு 'நம்'. இரண்டையும் மாற்றி மாற்றி ஒரு கணக்கோடு போட்டிருக்கிறான். மிருதங்கம் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதல் மாதம் சொல்லிக்கொடுக்கிற விஷயம் அது. யாரும் சொல்லித்தராமல், சோற்றுக்கு நிற்கும்போது அவனே கண்டுபிடித்திருந்தான். தட்டைத் திருப்பிக் கொடுத்து, "மறுபடியும் அடி கண்ணு" என்றேன். பயத்தில் அடிக்கவில்லை. மூன்று வாரம் ஆனது அவன் மறுபடியும் என் முன்னால் அடிக்க. அந்த மூன்று வாரம் எனக்கு இன்னும் மனதில் கிடக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், அதட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் கேளுங்கள்.

கேள்வி: கலைத் திருவிழாவுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது, ஏற்கெனவே வெளியில் பாட்டு கிளாஸ் போகிற பிள்ளைகள்தான் முன்னால் வருகிறார்கள். மற்றவர்களை என்ன செய்வது?

2022-23இல் அரசுப் பள்ளிகளுக்கான கலைப் போட்டியாகக் கலைத் திருவிழா வந்தது எனக்குப் பெரிய சந்தோஷம். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மேடை ஏற ஒரு வழி பிறந்தது. ஆனால் போட்டி, பிள்ளைக்கு இன்று என்ன வருகிறது என்பதைத்தான் காட்டும். காசு கட்டிக் கற்றுக்கொண்ட பிள்ளை அதில் முந்துவது இயல்புதான்.

நான் செய்தது இதுதான். யாருக்குமே தெரியாத நாலு வரிப் பாட்டு ஒன்றை வகுப்பு முழுவதற்கும் சொல்லிக்கொடுப்பேன். ஊர்ப் பாட்டியிடம் கேட்டு வாங்கிய நடவுப் பாட்டாக இருந்தால் இன்னும் நல்லது. முதல் வாரம் ஒவ்வொருவரும் பாடுவதைக் குறித்துக்கொள்வேன், மூன்றாவது வாரம் மறுபடியும் குறிப்பேன். முதல் வாரம் சுமாராகப் பாடி, மூன்றாவது வாரத்தில் தானே தவறைத் திருத்திக்கொண்ட பிள்ளை யார் என்று பாருங்கள். பாதியில் நிறுத்தி, "இல்ல டீச்சர், வேற மாதிரி வரும்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பிக்கும் பிள்ளையை விடவே விடாதீர்கள். அதற்குக் காது வேலை செய்கிறது.

கேள்வி: ஆசையாகப் பாட வருகிறாள், ஆனால் சுருதியே சேரவில்லை. நான் ஆண் ஆசிரியர். அவளுக்கு எப்படிச் சொல்வது, வராது என்று?

சொல்லாதீர்கள் சார். முதலில் உங்கள் சுருதியைப் பாருங்கள். சுருதியின் உயரத்தைக் 'கட்டை' என்ற அளவில் சொல்வோம், எண் கூடக் கூட உயரமும் கூடும். ஆண் குரல் பெரும்பாலும் 1 கட்டைப் பக்கம் இருக்கும். பிள்ளைகளுக்கு 5 கட்டைப் பக்கத்தில்தான் வசதி. நீங்கள் உங்கள் குரலில் பாடினால், அவள் கீழே வந்தால் குரல் எட்டாது, மேலே போனால் கத்த வேண்டியிருக்கும். நடுவில் எங்கேயோ தடுமாறுவாள். அதைத்தான் நீங்கள் 'சேரவில்லை' என்கிறீர்கள்.

மைதானத்தில் நிற்கும் தோழியை அவள் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். "செல்வீ..." என்று நீட்டுவாள் இல்லையா, அந்த உயரத்தைப் பிடித்துக்கொண்டு, சுமாராக அங்கிருந்தே பாட்டை ஆரம்பியுங்கள். கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் சுருதிப் பெட்டிச் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டால் உங்களுக்கும் பிடிமானம்.

அப்படியும் சேரவில்லை என்றால் காதைப் பாருங்கள். சளி பிடித்துப் பிடித்துக் காதில் சீழ் வடிகிற பிள்ளைகள் ஏழைக் குடும்பங்களில் அதிகம். வீட்டில் 'தானா சரியாகிவிடும்' என்று விட்டிருப்பார்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை திமிர் பிடித்ததாக இருக்காது, கேட்காததாக இருக்கும்.

பையன்கள் என்றால் எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் மகரக்கட்டு வரும், அதாவது குரல் உடையும். அந்த ஒரு வருடம் பாட வற்புறுத்த வேண்டாம். தாளம் போடட்டும், கேட்கட்டும். குரல் உடைந்ததும் பாட்டை விட்டுவிட்ட எத்தனையோ பையன்கள், 'இனி அவ்வளவுதான்' என்று யாரோ சொன்னதால் விட்டவர்கள்.

கேள்வி: ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், அப்பாவோடு சாவு வீடுகளுக்குப் பறை அடிக்கப் போகிறான். அபாரமாக அடிக்கிறான் என்று ஊரில் சொல்கிறார்கள். பள்ளியில் கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறான். ஆண்டு விழாவில் அடிக்கச் சொல்லலாமா?

அவசரப்படாதீர்கள். இந்தக் கேள்வியில்தான் நல்ல மனம் உள்ள ஆசிரியர்கள்கூடத் தவறு செய்கிறார்கள்.

அவன் தலை குனிவதற்குக் காரணம் தோலும் குச்சியும் இல்லை. அந்த வாத்தியத்தைச் சொல்லி அவனை வகுப்பிலேயே யாரோ சாதியால் குத்தியிருப்பார்கள். எல்லோர் முன்னாலும் "இவன் நல்லா பறை அடிப்பான்" என்று நீங்கள் சொன்னால், பாராட்டாக நினைத்துச் சொன்னது அவன் காதில் அதே குத்தலாக விழும். தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். மதுரைப் பக்கத்து வேலு ஆசானுக்கு 2025இல் பறைக்காகவே பத்மஸ்ரீ கொடுத்தார்கள் என்று சொல்லுங்கள். அவர் வாசிக்கும் காணொளியைக் காட்டுங்கள். அப்புறம் அவன் அப்பாவைப் பள்ளிக்கு அழைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்து, "உங்கள் அடியை எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்" என்று கேளுங்கள். தோலைத் தீயில் காய்ச்சிக் காய்ச்சி, தட்டிப் பார்த்து, 'இப்ப சரி' என்று அவர் நிறுத்துகிற இடம் இருக்கிறதே, அதுதான் சுருதி சேர்ப்பது. பிள்ளைகள் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

பறைக் குழு அமைத்தால் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் குச்சியைப் பிடிக்க வேண்டும். இதில் சமரசமே வேண்டாம். ஒரே தெருப் பிள்ளைகளை மட்டும் நிறுத்தி, வருகிற அதிகாரிகளுக்கெல்லாம் வரவேற்பு அடிக்கவைத்தால், ஊர் செய்ததையே பள்ளியும் செய்ததாகிவிடும்.

இன்னொன்று. அவனுக்குக் கீபோர்டு மேல் ஆசை இருக்கலாம். அப்படியென்றால் கீபோர்டு கற்றுக்கொள்ளட்டும். அப்பாவின் வாத்தியத்தோடு அவனைக் கட்டிப்போட நமக்கு உரிமை இல்லை.

கேள்வி: பாட்டு சோறு போடுமா என்று அம்மா கேட்கிறார். என்ன பதில் சொல்ல?

நியாயமான கேள்வி. 'உங்கள் மகள் பெரிய பாடகி ஆவாள்' என்று சொல்லாதீர்கள், அது உங்கள் கையில் இல்லை. கூலி வேலைக்குப் போகிறவரைப் பகலில் பள்ளிக்கு வரச் சொன்னால் ஒரு நாள் சம்பளம் போகும். நீங்களே சாயங்காலம் வீட்டுக்குப் போங்கள். பிள்ளைகளுக்குக் கலைகள் சொல்லித்தரும் அரசின் ஜவகர் சிறுவர் மன்றம் வார இறுதியில் பக்கத்தில் நடக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். 5 முதல் 16 வயது வரை சேர்த்துக்கொள்வார்கள். அரசின் மாவட்ட இசைப் பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், வயலின், மிருதங்கம், தேவாரம், பரதம் எல்லாம் 3 வருடப் படிப்பு. அது பிறகு யோசிக்க வேண்டியது. பள்ளிப் படிப்பை நிறுத்தி யாரையும் அங்கே அனுப்பாதீர்கள்.

கேள்வி: பள்ளியில் ஒரு வாத்தியமும் இல்லை. முன்னாள் மாணவர்கள் வாங்கித் தரத் தயார். எதைக் கேட்பது?

வெனிசுவேலாவில் 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு ஏழைப் பிள்ளைகளுக்கான 'எல் சிஸ்தேமா' என்ற இசைத் திட்டத்தைத் தொடங்கினார். கராகஸ் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்தில், பத்துப் பதினோரு பேரோடு ஆரம்பித்தது. அங்கே சின்னப் பிள்ளைகள் முதலில் காகிதக் கூழில் வயலின் செய்து, பிடிக்கவும் நிற்கவும் பழகுவார்கள். அதனால் வாத்தியம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பானை, கொட்டாங்குச்சி, கூழாங்கல் போட்ட பாட்டில் எல்லாம் இன்றைக்கே கிடைக்கும்.

வாங்கித் தருகிறவர்களிடம் ஒரே நிபந்தனை வையுங்கள்: பிள்ளை வீட்டுக்கு எடுத்துப்போகிற மாதிரி விலை குறைந்ததாக, பழுது பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். புல்லாங்குழல், கஞ்சிரா போதும். பீரோவில் பூட்டிவைத்த கீபோர்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உடைந்துவிடும் என்று பயந்து பூட்டி, உள்ளேயே அவை கெட்டுப்போயின.

கேள்வி: செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளை. தமிழ் தெரியாது. பேசுவதே இல்லை. ஆனால் தனியாக எதையோ முனகுகிறாள்.

அவள் முனகுவதை நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். வார்த்தை தப்பினால் அவளே திருத்துவாள், வாய் திறக்க அதுவே முதல் வழி. பிறகு அவள் சம்மதித்தால் வகுப்பே அதைப் பாடட்டும். சூளை வேலை முடிந்ததும் அவர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ஜூனில் எனக்கு இடமாறுதல். ஐந்தாம் வகுப்பில் ஒருத்தி நன்றாக வந்துகொண்டிருக்கிறாள். விட்டுப்போக மனமில்லை.

புரிகிறது. நானும் அப்படி நான்கு முறை பெட்டி கட்டியிருக்கிறேன். ஒரு நோட்டில் அவளைப் பற்றி எழுதுங்கள். 'நன்றாகப் பாடுவாள்' என்று மட்டும் எழுதினால் அடுத்து வருகிறவருக்கு ஒன்றும் புரியாது. என்னென்ன பாட்டு தெரியும், ஒருமுறை கேட்டு எவ்வளவு பிடிப்பாள், எந்த இடத்தில் வெட்கப்படுவாள், வீட்டில் யாரிடம் பேச வேண்டும் என்று எழுதுங்கள். ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளிக்குப் போகிறாளோ அங்கே ஒரு ஆசிரியரைப் பார்த்து, நோட்டை நேரில் கொடுத்து, அவளையும் கூட்டிப்போய்ப் பாடவையுங்கள். நோட்டின் முதல் வரியில், அவள் பெயருக்குப் பக்கத்திலேயே, அவளுக்கு எத்தனை கட்டை வசதி என்பதையும் எழுதிவிடுங்கள்.