கரண்ட் போய்ப் போய் வந்தால் ஸ்கூட்டர் பேட்டரி கெடுமா?

கேள்வி: எங்கள் ஊரில் ஒரே நாளில் பல தடவை கரண்ட் போய் வருகிறது. மின்சார ஸ்கூட்டரை இப்படி விட்டு விட்டு சார்ஜ் ஏற்றினால் பேட்டரி சீக்கிரம் போய்விடும் என்கிறார் என் வீட்டுக்காரர். உண்மையா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது அம்மா. லித்தியம் பேட்டரி பாதியில் நின்றால், கரண்ட் வந்ததும் நின்ற இடத்திலிருந்து ஏறிக்கொள்ளும். முழுக்கக் காலி செய்துவிட்டுத்தான் முழுக்க ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பேச்சு, அதை விட்டுவிடுங்கள். உங்கள் ஊர் நிலைமைக்கு, பாதி இருக்கும்போதே கரண்ட் இருக்கிற நேரம் பார்த்துப் போட்டுவிடுவதுதான் நல்லது. பத்து சதவீதம் வரை ஓட்டிவிட்டு ராத்திரி பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அன்றைக்கென்று பார்த்து டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

ஆனாலும் உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பயப்பட வேண்டியது சார்ஜருக்காக. கரண்ட் போவதைவிடத் திரும்பி வருகிற நிமிஷம்தான் மோசம். தெருவில் எல்லார் வீட்டு மோட்டாரும் ஃபிரிட்ஜும் ஒரே நேரத்தில் இழுக்க, வோல்டேஜ் மேலும் கீழும் ஆடும். அதைவிடப் பெரிய ஆபத்து, காற்று மழையில் நியூட்ரல் கம்பி அறுந்துபோவது. அப்போது 230 வோல்ட் வர வேண்டிய பிளக்கில் 300-க்கு மேலேயும் வந்து டி.வி., ஃபிரிட்ஜ், சார்ஜர் என்று கையில் கிடைத்ததையெல்லாம் எரித்துவிடும். 2018-ல் கஜா புயலைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு அறுந்த கம்பியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கரண்ட் போனதும் சுவிட்சை அணைத்துவிட்டு, வந்து ஐந்து பத்து நிமிஷம் கழித்துப் போடுங்கள். ராத்திரியில் யார் எழுந்து அணைப்பது? அதற்காகத்தான், வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் தானாகத் துண்டித்து, சரியானதும் கொஞ்சம் பொறுத்து இணைக்கிற கருவி எலக்ட்ரிக்கல் கடைகளில் விற்கிறார்கள், ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது எர்த்தும் ஒயரிங்கும். ஒரு லட்ச ரூபாய்க்கு வண்டி வாங்குகிறோம், அதைக் கொண்டுபோய் ஜன்னல் வழியாக இழுத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுகிறோம், இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பதறுகிறது. மிக்ஸி ஐந்து நிமிஷம் ஓடி நின்றுவிடும், ஸ்கூட்டர் சார்ஜர் நாலைந்து மணி நேரம் நிற்காமல் இழுக்கும். தனி லைன், 15 ஆம்ப்ஸ் பிளக், அதற்கென்று, கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக விழுகிற ஒரு எம்.சி.பி., ஷாக் அடித்தால் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி., இவ்வளவும் வேண்டும். கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும், அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள். சார்ஜ் ஏற ஆரம்பித்து ஒரு மணி நேரம் கழித்து, சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கின் பிளாஸ்டிக் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாமல் சுட்டால் அந்த பிளக்கை அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் 150 ஏ.ஹெச். பேட்டரியுடன் இன்வெர்ட்டர் இருக்கிறது. கரண்ட் இல்லாதபோது அதிலேயே ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போடலாமா? வண்டி பேட்டரி 3 யூனிட் பிடிக்கும் என்றார்கள்.
- வாசகர், தருமபுரி

பதில்: வேண்டாம். இன்வெர்ட்டர் பேட்டரியின் 12 வோல்ட்டை 150 ஏ.ஹெச்.-ஆல் பெருக்கினால் 1,800 வாட் ஹவர், அதாவது 1.8 யூனிட். அதையும் முழுசாக எடுக்க முடியாது, எடுத்தால் இன்வெர்ட்டர் பேட்டரியின் ஆயுசு குறையும். இன்வெர்ட்டரில் கொஞ்சம், சார்ஜரில் கொஞ்சம் என்று வீணாவது போக வண்டியில் கால்வாசி ஏறினால் பெரிது. அப்புறம் ராத்திரி ஃபேன் ஓடாது, வீட்டில் பெரியவர்களும் குழந்தைகளும் இருக்கிறார்களே.

சரி, சோலார் போட்டால்? பலர் தெரியாமல் ஏமாறுகிற இடம் இது. 2024-ல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது என்று போடுகிறார்கள், நல்லதுதான். ஆனால் பேட்டரி இல்லாமல் தெரு லைனோடு இணைத்திருக்கும் ஆன்கிரிட் சோலார், லைனில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும், மொட்டை மாடியில் வெயில் கொளுத்தினாலும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேன் உயிருக்காகச் செய்த ஏற்பாடு அது, குறை சொல்லக் கூடாது. கரண்ட் இல்லாத நேரத்துக்கும் வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் என்று கேட்டு வாங்குங்கள், விலை நிறையவே கூடும்.

கேள்வி: மாடிப்படிக்குக் கீழே வண்டியை நிறுத்தி ராத்திரி முழுக்க சார்ஜ் போடுகிறோம். பரவாயில்லையா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: இன்றைக்கே இடத்தை மாற்றுங்கள். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அந்த ஆண்டுத் தீ விபத்துகளுக்குப் பிறகுதான் மத்திய அரசு பேட்டரி பாதுகாப்பு விதிகளை இறுக்கியது. வண்டிகள் அதனால் மேம்பட்டிருக்கின்றன, ஆனால் வெளியே ஓடுகிற ஒரே வழியில் வண்டி நின்றால் எந்த விதியும் காப்பாற்றாது. காற்றோட்டமான திறந்த இடம், வெயில் படாத இடம், வாசலை மறிக்காத இடம். வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு செருகாமல் அரை மணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: மழை வெள்ளத்தில் வண்டி மூழ்கினால் என்ன செய்ய?
- வாசகி, வேளச்சேரி

பதில்: ஆன் செய்யாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி நிறுத்திவிட்டு சர்வீஸ் சென்டருக்குச் சொல்லுங்கள். உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தால் சில நாள் கழித்தும் தீப்பிடிக்கலாம். ஐ.பி.67 என்று போட்டிருக்கிறதே என்பார்கள், அது ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் தாங்குவதற்கான சோதனை. 2023 டிசம்பரில் உங்கள் பகுதியில் நாள்கணக்கில் நின்றது சாக்கடை கலந்த தண்ணீர். இன்சூரன்ஸையும் எடுத்துப் பாருங்கள், தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் வெள்ளச் சேதத்துக்குப் பணம் வராது.