கணிதம் என்றால் என்ன? எண்களைப் பற்றிய படிப்பு என்று சொன்னால் போதாதா?

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. எண், அளவு, வடிவம் இவற்றைப் பற்றிய படிப்புதான் கணிதம் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தது சரியா என்பது ஒன்று. சரியில்லை என்றால் வேறு எப்படிச் சொல்வது என்பது இன்னொன்று.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுப்பவன், தத்துவம் படித்தவன் இல்லை. ஆனால் வகுப்பில் யாராவது இதைக் கேட்டுக்கொண்டே இருப்பதால் கைவசம் ஒரு பதில் உண்டு.

பள்ளியில் சொன்னது பொய்யில்லை. சமையல் என்றால் என்ன என்று கேட்டவரிடம் அரிசி, பருப்பு, காய்கறி என்று பட்டியல் போட்டுக் கொடுத்த மாதிரி, அவ்வளவுதான். எனக்குப் பிடித்த வரையறை பெஞ்சமின் பியர்ஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் 1870-இல் எழுதியது. தவிர்க்க முடியாத முடிவுகளைப் பெறும் அறிவியல்தான் கணிதம் என்றார். அதில் எண்ணும் வரவில்லை, வடிவமும் வரவில்லை. இதை இதை ஒத்துக்கொண்டால் இது வந்தே தீரும் என்று காட்ட முடிந்தால் அது கணிதம். எதைப் பற்றி என்பது இரண்டாம் பட்சம்.

பொருளை வைத்து வரையறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு, பதினெட்டாம் நூற்றாண்டின் பெரிய கணிதவியலாளரான ஆய்லரே சாட்சி. கோனிக்ஸ்பெர்க் என்ற ஊரில் (இப்போது ரஷ்யாவின் கலினின்கிராட்) ஆற்றின் குறுக்கே ஏழு பாலங்கள் இருந்தன. ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு தடவை கடந்து எல்லாவற்றையும் நடந்து முடிக்க முடியுமா என்பது ஊர்க்காரர்களின் புதிர். டான்சிக் நகர மேயராக இருந்த ஏலர் இதைத் தீர்த்துத் தரும்படி ஆய்லருக்கு எழுதினார். 1736-இல் ஆய்லர் போட்ட பதில் கடிதத்தில் கொஞ்சம் சலிப்பு தெரிகிறது. இதற்கும் கணிதத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை, வெறும் யோசனையால் தீர்வது, இதைப் போய் ஒரு கணிதவியலாளனிடம் ஏன் எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்கிறார்!

அவர் தந்த தீர்வைப் பாருங்கள். நடந்துபோகிறவர் ஒரு நிலப்பகுதிக்குள் ஒரு பாலத்தின் வழியாக வருகிறார், இன்னொன்றின் வழியாக வெளியேறுகிறார். ஆகவே பயணம் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் தவிர மற்ற எல்லா இடத்திலும் பாலங்கள் ஜோடி ஜோடியாகத் தீர வேண்டும், அதாவது அங்கே இரட்டைப்படை எண்ணிக்கையில் பாலங்கள் இருக்க வேண்டும். கோனிக்ஸ்பெர்க்கில் நான்கு நிலப்பகுதிகள். ஒன்றில் 5 பாலம், மற்ற மூன்றிலும் 3 பாலம். நான்குமே ஒற்றைப்படை. ஒற்றைப்படை இடங்கள் அதிகம் போனால் இரண்டுதான் இருக்கலாம். எனவே முடியாது. பாலத்தின் நீளம் தேவைப்படவில்லை, ஆற்றின் வளைவு தேவைப்படவில்லை, எண் என்று பார்த்தால் ஒற்றையா இரட்டையா என்பதோடு சரி. அந்தக் காலத்தில் கணிதம் என்றால் வடிவியல், இயற்கணிதம், எண்கணிதம், நுண்கணிதம் போன்றவை. இது எதிலும் அடங்கவில்லை. அதனால்தான் ஆய்லருக்கே சந்தேகம் வந்தது. இன்று அது கோலக் கணிதத்துக்கும் இணையத்துக்கும் பயன்படும் கோட்டுருவியலின் (புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் பற்றிய கணிதம்) முதல் பக்கம்.

கோலக் கணிதம் என்றதும் சும்மா சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சென்னை கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974-இலேயே கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதிக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். புள்ளி வைத்து இழை போடும் கையில் இருக்கும் விதி என்ன, அந்த விதியிலிருந்து எந்தெந்தக் கோலம் வரும் என்ற கேள்வி அது. பியர்ஸ் சொன்ன கணக்கில் இதுவும் கணிதம்தான்.

சரி, 'வந்தே தீரும்' என்பதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? வகுப்பில் நான் கொடுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வட்டம் போடுங்கள். அதன் மேல் இரண்டு புள்ளி வைத்து நேர்கோட்டால் இணையுங்கள். வட்டம் 2 பகுதியாகும். மூன்று புள்ளி வைத்து எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்தால் 4. நான்கு புள்ளிக்கு 8. ஐந்துக்கு 16. இதற்குள் பிள்ளைகள் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்கள். "சார், அடுத்தது 32, இதுக்கு எதுக்கு வரைஞ்சுகிட்டு?" வரையுங்கள் என்பேன். வரைந்து எண்ணுவார்கள். 31 வரும். ஒன்றை விட்டுவிட்டோம் என்று மறுபடி எண்ணுவார்கள். பக்கத்து நோட்டை எட்டிப் பார்ப்பார்கள். அங்கேயும் 31. (மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டிக்கொள்ளாமல் புள்ளிகளை வைக்க வேண்டும். ஒழுங்கான அறுகோணமாக வைத்தால் நடுவில் ஒரு பகுதி காணாமல் போய் 30 ஆகிவிடும்.)

காரணம் இதுதான். ஒரு நாண் போடும்போது அது வேறு எதையும் வெட்டாவிட்டால் ஒரு பகுதி கூடும். வழியில் ஒவ்வொரு கோட்டை வெட்டும்போதும் இன்னொரு பகுதி கூடும். ஆக, மொத்தப் பகுதிகள் = 1 + நாண்களின் எண்ணிக்கை + வெட்டுப்புள்ளிகளின் எண்ணிக்கை. இரண்டு புள்ளிக்கு ஒரு நாண். நான்கு புள்ளியை எடுத்தால் ஒரு நாற்கரம், அதன் மூலைவிட்டங்கள் இரண்டும் ஒரே இடத்தில் வெட்டும். எனவே நான்கு புள்ளிக்கு ஒரு வெட்டுப்புள்ளி. ஆறு புள்ளியில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 15 வழி, நான்கைத் தேர்ந்தெடுக்கவும் 15 வழி. 1 + 15 + 15 = 31. எண்ணிப் பார்க்கவே வேண்டாம்.

அப்புறம் முதலில் 2, 4, 8, 16 என்று வந்தது எப்படி? இந்தக் கூட்டுத்தொகை பாஸ்கல் முக்கோணத்தின் (மேலே உள்ள இரண்டு எண்களைக் கூட்டிக் கீழே எழுதிக்கொண்டே போகும் எண் அடுக்கு) ஒரு வரிசையில் முதல் ஐந்து எண்களைக் கூட்டுவதற்குச் சமம். ஐந்து புள்ளிக்கு ஐந்தாவது வரிசை, 1, 4, 6, 4, 1. அதில் இருப்பதே ஐந்து எண்தான், அதனால் முழுக் கூட்டல் 16 கிடைக்கிறது. ஆறாவது வரிசை 1, 5, 10, 10, 5, 1. கடைசி 1 விட்டுப்போகிறது. 32-க்கும் 31-க்கும் நடுவே காணாமல் போன ஒன்று அந்த ஒன்றுதான். பத்துப் புள்ளி வைத்தால் விடை 256, திரும்பவும் இரண்டின் அடுக்கு. பத்தாவது வரிசையில் பத்து எண்கள், முதல் ஐந்தைக் கூட்டினால் சரியாகப் பாதி, 512-இல் பாதி. பாடத்திட்டத்தில் இது இல்லை என்பது எனக்கு ஒரு வருத்தம்.

நான்கு உதாரணம் ஒத்துப்போனால் போதாது, சரி. கோடி உதாரணம் ஒத்துப்போனால்? அதுவும் போதாது. ஒரு எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் இருக்கும் என்பதைத் தோராயமாகச் சொல்ல, ஜெர்மன் கணிதவியலாளர் காஸ் காலத்திலிருந்தே ஒரு தொகையீட்டுச் சூத்திரம் உண்டு. போட்ட அட்டவணைகள் அத்தனையிலும் அது உண்மையான எண்ணிக்கையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டியது. எப்போதுமே இப்படித்தான் என்று நினைப்பது இயல்பு. 1914-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் லிட்டில்வுட், இது தலைகீழாக மாறும் இடங்கள் முடிவில்லாமல் உண்டு என்று நிரூபித்தார். முந்நூறுக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண்கள் அருகே அப்படி ஓர் இடம் உண்டு என்பது வரை தெரியும். ஆனால் இன்ன எண் என்று ஒன்றையும் இதுவரை யாரும் கையில் எடுத்துக் காட்டவில்லை. இயற்பியலில் இவ்வளவு சாட்சி கிடைத்திருந்தால் அதை விதி என்று எழுதி வைத்திருப்பார்கள், அதில் தப்பும் இல்லை. கணிதத்தில் சாட்சி செல்லாது, நிரூபணம்தான் செல்லும்.

வந்தே தீரும் என்றால் எதிலிருந்து? ஏதோ சிலவற்றை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும், எடுகோள்கள். யூக்ளிட் ஐந்து வைத்தார். ஐந்தாவது, இணைகோடுகளைப் பற்றியது, மற்றவற்றைப் போல எளிமையாக இல்லை. இதை மற்ற நான்கிலிருந்தே நிரூபித்துவிடலாம் என்று இரண்டாயிரம் ஆண்டுகள் முயன்றார்கள். கடைசியில் 1829-இல் கசானில் லொபசேவ்ஸ்கியும், 1832-இல் ஹங்கேரியரான போயாயும், தனித்தனியாக, ஐந்தாவதை மாற்றி வைத்தாலும் முரண்பாடு இல்லாத வேறொரு வடிவியல் கிடைக்கிறது என்று வெளியிட்டார்கள். அதில் முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180-க்குக் குறைவு. பூமி உருண்டையின் மேல் வரைந்தால் 180-க்கு அதிகம். வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகைக்கு 90 பாகை இடைவெளியில் இரண்டு கோடு இறக்குங்கள், மூன்று கோணமும் செங்கோணம், மொத்தம் 270. எது சரி? மூன்றும் சரி, அவரவர் எடுகோள்படி. பிரபஞ்சம் எதைப் பின்பற்றுகிறது என்பது வானியலாளரின் கவலை. ஐன்ஸ்டைன் 1915-இல் தேர்ந்தெடுத்தது வளைந்த வகையை.

கணிதம் கண்டுபிடிப்பா, மனிதன் படைத்ததா என்ற பழைய சண்டைக்கும் இங்கேயே ஒரு பதில் இருப்பதாக நினைக்கிறேன். எடுகோளைத் தேர்ந்தெடுப்பது நம் கையில். தேர்ந்தெடுத்த பிறகு என்ன வரும் என்பது நம் கையில் இல்லை. எந்தக் கொம்பனாலும் அந்த ஆறு புள்ளியில் 32 பகுதி போட முடியாது. எடுகோள்களைச் சரியாக வைத்துவிட்டால் எல்லா உண்மையும் அவற்றிலிருந்தே வந்துவிடும் என்ற நம்பிக்கையை 1931-இல் கியோடல் என்ற தர்க்கவியலாளர் உடைத்தார். அதைப் பற்றி எழுதினால் இந்தப் பதில் முடியாது.

இப்போது நீங்கள் கேட்கப்போவது தெரியும். நிரூபணம்தான் கணிதம் என்றால் ராமானுஜனை எங்கே வைப்பது? நியாயமான கேள்வி. கும்பகோணத்து நோட்டுப் புத்தகங்களில் ஆயிரக்கணக்கான முடிவுகள் நிரூபணம் இல்லாமல் கிடக்கின்றன. 1913-இல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதமும் அப்படித்தான். பெரும்பாலானவை சரி. ஆனால் பகா எண்களைப் பற்றி அவர் எழுதிய சூத்திரம் அவர் நம்பிய அளவுக்குத் துல்லியமாக இல்லை, மேலே சொன்ன அதே வட்டாரத்தில்தான் அவரும் சறுக்கினார். உள்ளுணர்வு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பகா எண்கள் ஏமாற்றும். மறுபக்கம், 1916-இல் டௌ சார்பு (ஒவ்வொரு முழு எண்ணுக்கும் ஒரு எண்ணைத் தரும் ஒரு விதி) பற்றி அவர் ஊகமாகச் சொன்னதில் ஒரு பகுதியை அடுத்த ஆண்டே மோர்டெல் நிரூபித்தார். இன்னொரு பகுதிக்கு 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, டெலீன் வந்து முடித்தார். அந்த இடைவெளியில் அதற்காக உருவான கணிதம் ஒரு நூலகம் அளவு. பியர்ஸின் வரையறை ஒரு கணக்கு எப்போது முடிந்தது என்று சொல்கிறதே தவிர, எங்கே தொடங்குகிறது என்று சொல்வதில்லை. ராமானுஜன் தொடங்கி வைத்தவர்.

எனக்கு அந்த வரையறையில் நெருடும் இடம் வேறு. 1852-இல் பிரான்சிஸ் கத்ரி இங்கிலாந்து வரைபடத்துக்கு வண்ணம் தீட்டும்போது, பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களுக்கு ஒரே நிறம் வராமல் இருக்க நான்கு நிறம் போதும் போலிருக்கிறதே என்று கவனித்தார். 1879-இல் கெம்ப் நிரூபணம் தந்தார், எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், பதினொரு ஆண்டு கழித்து ஹீவுட் அதில் ஓட்டை கண்டுபிடித்தார். 1976-இல் ஆப்பெலும் ஹாக்கனும் இலினாய் பல்கலைக்கழகத்தில் கணினியை ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓட்டி முடித்தார்கள். அத்தனை வகைகளையும் எந்த மனிதனும் கையால் சரிபார்க்க முடியாது. 2005-இல் கோந்தியே, பின்னால் வந்த எளிமையான ஒரு நிரூபணம் முழுவதையும் இன்னொரு நிரல் மூலம் வரிக்கு வரி சோதித்துவிட்டார், இனி சந்தேகம் இல்லை. பியர்ஸ் கணக்குப்படி வேலை முடிந்தது. ஆனால் தர்ஸ்டன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் 1994-இல் எழுதிய கட்டுரையில், கணிதவியலாளர்களின் வேலை மனிதர்களுக்குப் புரிதலைக் கூட்டுவது என்று வாதிட்டார். அந்தப் பக்கம்தான் நான் சாய்கிறேன். நான்கு நிறம் ஏன் போதும் என்று, வட்டத்துக்குச் சொன்ன மாதிரி, ஒரு பத்து நிமிடத்தில் கரும்பலகையில் போட்டுக் காட்ட இன்றுவரை யாரிடமும் வழி இல்லை. வகுப்பில் அதைக் கேட்டால் "உண்மைதான், ஆனா காரணம் எனக்குத் தெரியாது" என்றுதான் சொல்கிறேன்.